மெம்பிஸ் வருகிறவர்களுக்கு: என்ன பார்ப்பது, எங்கே சாப்பிடுவது

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர்களில் நியூ ஆர்லியன்ஸுக்கு இருக்கும் பேர் மெம்பிஸுக்கு இல்லை. நம்மவர்கள் இங்கே வருவதே பெரும்பாலும் வேறு காரணத்துக்காகத்தான். ஃபெடெக்ஸில் ஒரு ப்ராஜெக்ட், செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை, இல்லையென்றால் டாலஸிலிருந்து நாஷ்வில்லுக்குக் காரில் போகும் வழியில் ஓர் இரவுத் தங்கல். வந்தவர்கள் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் வீட்டைப் பார்த்துவிட்டு, பீல் தெருவில் நான்கு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அது இந்த ஊருக்குச் செய்யும் அநியாயம்.

மெம்பிஸைப் புரிந்துகொள்ள ஒரு சரடு போதும். இந்த ஊர் பருத்தியால் வந்த ஊர். 1819-இல் ஆற்றின் கிழக்குக் கரை மேட்டில் ஊரை அமைத்தார்கள். சுற்றுவட்டாரத்துப் பருத்தியெல்லாம் இங்கே வந்து விலைபோய், ஆற்று வழியாக வெளியே போனது. அந்தப் பருத்தியைப் பறித்த கறுப்பின மக்கள் பின்னாளில் பிழைப்புத் தேடி ஊருக்குள் வந்தபோது தங்கள் பாட்டையும் சமையலையும் கொண்டுவந்தார்கள். அவர்கள் நியாயமான கூலியும் மரியாதையும் கேட்டபோது நடந்தவைதான் 1968-இன் வேலைநிறுத்தமும் மார்ட்டின் லூதர் கிங்கின் கொலையும். ஆறு, பாட்டு, சாப்பாடு, போராட்டம் எல்லாம் ஒரே கதை. அந்த வரிசையில் பார்த்தால் ஒவ்வொரு இடமும் அடுத்த இடத்தை விளக்கிக்கொண்டே போகும். கீழே சொல்வது இரண்டு முழு நாட்களுக்கான திட்டம். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் எதை விடலாம் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

முதலில், வருவதும் தங்குவதும்

ஏப்ரல், மே, அக்டோபர் மூன்றும் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தொடும் வெயில், அதோடு சென்னையை நினைவூட்டும் புழுக்கம். வசந்த காலத்தில் இடியும் சூறாவளி எச்சரிக்கையும் வருவதுண்டு. கைபேசியில் வானிலை எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள்.

நாஷ்வில்லிலிருந்து காரில் மூன்று மணி நேரம், லிட்டில் ராக்கிலிருந்து இரண்டு மணி நேரம், அட்லாண்டாவிலிருந்து ஏறக்குறைய ஆறு. விமான நிலையத்திலிருந்து ஊர் நடுவுக்குக் கால் மணி அல்லது இருபது நிமிடம். ரயிலிலும் வரலாம். சிகாகோவுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஓடும் ஆம்ட்ராக் வண்டி தெற்கே போகும்போது காலையிலும், வடக்கே போகும்போது இரவிலும் இங்கே நிற்கும். ஸ்டேஷன் ஊர் நடுவிலேயே இருப்பதால் இறங்கி நடந்தே பல இடங்களுக்குப் போய்விடலாம்.

தங்குவதற்கு டவுன்டவுன் அல்லது அதை ஒட்டிய சவுத் மெயின் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஜெர்மன்டவுன், கோர்டோவா மாதிரிப் புறநகரில் ஹோட்டல் வாடகை குறையும், பார்க்கிங் கட்டணமும் இருக்காது. ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் அரை மணி நேரம் ஓட்டி வர வேண்டும். இரண்டே நாள் இருப்பவர்களுக்கு அந்த மிச்சம் மிச்சமில்லை.

பேருந்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். டவுன்டவுனுக்குள் நடக்கலாம், மற்றவற்றுக்குக் கார் அல்லது ஊபர். சொந்தக் காரோ வாடகைக் காரோ, உள்ளே எதையும் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போகாதீர்கள். லேப்டாப் பை, கேமரா மட்டுமல்ல, வெறும் ஜாக்கெட்கூட வேண்டாம். கண்ணாடியை உடைத்து எடுப்பது இங்கே நடக்கிற விஷயம். பெட்டிகளை டிக்கியில் வைப்பதானால், நிறுத்தும் இடத்துக்கு வந்தபின் வைக்காமல் கிளம்பும்போதே வைத்துவிடுங்கள். இரவில் ஆள் நடமாட்டமுள்ள தெருக்களில் மட்டும் நடங்கள். மற்றபடி, பெரிய நகரத்துக்குரிய வழக்கமான கவனம் போதும். பயந்து ஹோட்டலிலேயே உட்கார வேண்டிய ஊர் இல்லை.

வந்த அன்று மாலை: ஆறு

எந்தச் சுற்றுலா நிறுவனமும் இப்படி வரிசை போடுவதில்லை என்றாலும் ஆற்றிலிருந்து தொடங்குங்கள். பீல் தெருவின் மேற்குக் கோடிக்கு நடந்தால் ஆறு வந்துவிடும். அங்கிருந்து தெற்கே கரையோரமாக டாம் லீ பூங்கா நீள்கிறது. 2023-இல் முழுக்கப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். நிழல், ஊஞ்சல், சிறுவர்கள் ஏறி விளையாடும் இடம் எல்லாம் இருக்கின்றன. கட்டணம் கிடையாது.

டாம் லீ யார் என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. 1925 மே 8 அன்று எம். இ. நார்மன் என்ற நீராவிப் படகு மெம்பிஸுக்குச் சற்றுத் தெற்கே கவிழ்ந்தது. அந்த வழியாகச் சிறிய படகில் தனியாக வந்துகொண்டிருந்த கறுப்பினத் தொழிலாளி ஒருவர், தண்ணீரில் தத்தளித்தவர்களைத் திரும்பத் திரும்பப் போய் ஏற்றிக் கரைசேர்த்தார். அவரால் 32 பேர் பிழைத்தார்கள். அவருக்கு நீச்சல் தெரியாது. அவர் படகிலிருந்து கை நீட்டி ஒருவரைத் தூக்கும் சிற்பம் பூங்காவில் இருக்கிறது. குழந்தைகளுக்கு அங்கேயே நின்று இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அந்தச் சிற்பத்தைப் பார்த்தபின் ஆற்றைப் பார்த்தால் அதன் வேகம் புரியும். மேலே சாதுவாகத் தெரிகிற பழுப்பு நிறத் தண்ணீர், அடியில் சுழல். கால் நனைக்கலாம் என்று யாரும் இறங்க வேண்டாம். தாமிரபரணி, காவிரி படித்துறைப் பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். ஊர் நிற்கும் மேட்டையும் எதிர்க்கரையின் தட்டையான வயல்வெளியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளம் வந்தால் அந்தப் பக்கம் மைல் கணக்கில் ஏரியாகிவிடும். 2011 மே மாதம் இங்கே தண்ணீர் 48 அடியைத் தொட்டது; 2022, 2023 இலையுதிர் காலங்களிலோ வரலாறு காணாத அளவுக்கு வற்றிப் படகுப் போக்குவரத்தே திணறியது.

ஆற்றைக் கடந்து பார்க்க பிக் ரிவர் கிராசிங் இருக்கிறது. பழைய ஹாராஹன் ரயில் பாலத்தின் ஓரத்தில் 2016-இல் திறந்த நடைபாதை; நீளம் கிட்டத்தட்ட ஒரு மைல். அந்தப் பக்கம் இறங்கினால் ஆர்கன்சா மாநிலம். பக்கத்திலேயே சரக்கு ரயில் போகும்போது பாலம் அதிர்வது தெரியும். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் நடக்கத் தொடங்குங்கள். இருட்டியபின் பாலத்தில் வண்ண விளக்குகள் எரியும். வயதான பெற்றோர் கூட இருந்தால் பாதி வரை போய்த் திரும்பினால் போதும், ஆற்றின் நடுவிலிருந்துதான் காட்சி நன்றாக இருக்கிறது. இலவசம். நடக்க முடியாதவர்களுக்கு பீல் தெருப் படகுத் துறையிலிருந்து ஒன்றரை மணி நேரச் சுற்றுலாப் படகு உண்டு. காசு கொடுத்துத்தான் போக வேண்டும், ஆனால் உட்கார்ந்தபடி பார்க்கலாம்.

முதல் நாள் காலை: லொரேன் மோட்டல்

மெம்பிஸில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் எல்விஸ் வீடான கிரேஸ்லாந்தைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். தேசிய சிவில் உரிமை அருங்காட்சியகம், மல்பெரி தெரு. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 மாலை 6.01-க்குச் சுடப்பட்ட லொரேன் மோட்டலைத்தான் 1991-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 306-ஆம் எண் அறைக்கு வெளியே பால்கனிக் கம்பியில் ஒரு மலர் வளையம் தொங்கும்; கீழே அந்தக் காலத்து இரண்டு கார்கள் நிற்கும். தெருவிலிருந்து அதைப் பார்க்கக் கட்டணம் இல்லை என்பதால் பலர் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். தயவுசெய்து உள்ளே போங்கள்.

காலையில் திறந்த உடனே போவது நல்லது. கூட்டம் குறைவு, மனமும் தெளிவாக இருக்கும். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை; வேறு நாட்களிலும் மாற்றம் இருக்கலாம் என்பதால் முந்தைய நாளே அவர்களுடைய தளத்தில் பார்த்து டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

உள்ளே அடிமை வாணிகத்திலிருந்து தொடங்கும். அப்புறம் மாண்ட்கமரி பேருந்து: உள்ளே ஏறி உட்காரலாம், வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸின் சிலை அங்கே அமர்ந்திருக்கும், எழுந்து போகச் சொல்லும் ஓட்டுநரின் குரல் கேட்கும். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகக் கவுன்ட்டரில் மாணவர்கள் அமர்ந்து போராடிய காட்சி, இனப் பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்தவர்கள் வந்த, எரிக்கப்பட்ட கிரேஹவுண்ட் பேருந்து எல்லாம் தாண்டி வந்தால் ஒரு குப்பை லாரி நிற்கும். அந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள், மெம்பிஸின் கதை அதில்தான் இருக்கிறது.

1968 பிப்ரவரி 1, கொட்டும் மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் மழைக்கு லாரியின் பின்பகுதியில் ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் பழுதால் தானே இயங்கி இருவரையும் நசுக்கிவிட்டது. பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நானும் மனிதன் என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, துப்பாக்கி ஏந்திய படைவீரர்களுக்கு முன்னால் வரிசையாக நடந்தார்கள். அவர்களுக்குத் துணையாகத்தான் கிங் இந்த ஊருக்கு வந்தார்.

அவரை அழைத்தவர் மெம்பிஸில் ஒரு மெதடிஸ்ட் சபையின் போதகராக இருந்த ஜேம்ஸ் லாசன். லாசன் 1950-களில் நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பணியாற்றி, காந்தியின் சத்தியாக்கிரகத்தை ஊன்றிப் படித்தவர். அமெரிக்கா திரும்பியபின் கல்லூரி மாணவர்களுக்கு அடி வாங்கினாலும் திருப்பி அடிக்காமல் நிற்பது எப்படி என்று பயிற்சி கொடுத்தார். உணவகக் கவுன்ட்டர்களில் உட்கார்ந்த நாஷ்வில் மாணவர்கள் அவரிடம் பயின்றவர்கள். கிங்கும் 1959-இல் ஒரு மாதம் இந்தியாவில் பயணம் செய்தவர். இந்தக் கட்டடத்துக்குள் நிற்கும்போது நம் நாட்டுக்கும் இதற்கும் இருக்கும் தொடர்பு மெல்லியது இல்லை என்று தெரியும். தூய்மைப் பணியில் சாவு என்ற செய்தியை நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் படித்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கு அந்த லாரியைக் கடந்துபோவது எளிதல்ல.

கடைசியில் 306-ஆம் அறை, கண்ணாடிக்கு அப்பால் அன்றிருந்தபடி. அதோடு முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். தெருவுக்கு எதிர்ப்புறம், சுட்டவன் நின்ற பழைய விடுதிக் கட்டடமும் அருங்காட்சியகத்தைச் சேர்ந்ததுதான்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அழைத்துப் போகலாம். முன்கூட்டியே கொஞ்சம் சொல்லி வையுங்கள். சில படங்கள் கடுமையானவை.

இந்த அருங்காட்சியகம் வேண்டாம், இந்த இடத்தில் ஏழைகளுக்கு வீடு வேண்டும் என்று சொல்லி, 1988-இல் மோட்டலிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு பெண்மணி எதிரே பல பத்தாண்டுகள் தர்ணா இருந்தார். சுற்றியுள்ள தெருக்களின் விலையுயர்ந்த குடியிருப்புகளைப் பார்க்கும்போது அவர் கேட்ட கேள்வியும் நினைவில் இருக்கட்டும்.

மதியம்: சாப்பிட்டுவிட்டு ஸ்டாக்ஸ்

லொரேனிலிருந்து காரில் பத்து நிமிடத்தில் சோல்ஸ்வில் பகுதி. அங்கே தி ஃபோர் வே என்ற சின்ன உணவகம் 1946-இலிருந்து இருக்கிறது. கறுப்பின மக்களின் வீட்டுச் சாப்பாடு, அதாவது சோல் ஃபுட். கிங் மெம்பிஸ் வந்தால் இங்கே சாப்பிடுவார். ஓர் அசைவம், கூட இரண்டு மூன்று காய்கறி, சோள ரொட்டி என்று தட்டு வரும். பொரித்த கெளுத்தி மீனை வாங்குங்கள். சோள மாவில் புரட்டிப் பொரித்திருப்பார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மிருது. கூடவே சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வெண்டைக்காய், கடைசியில் பீச் காப்லர் என்ற பழ இனிப்பு. மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள், திங்களன்று திறப்பதில்லை, ஞாயிறு மதியம் தேவாலயம் முடிந்து வரும் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களில் 11.30-க்குள் போய்விட்டால் காத்திருக்க வேண்டாம்.

அங்கிருந்து மெக்லமோர் அவென்யூவில் ஸ்டாக்ஸ் அருங்காட்சியகம் மிக அருகில். ஒரு பழைய சினிமாக் கொட்டகையை ரெக்கார்டிங் ஸ்டுடியோவாக மாற்றி, ஜிம் ஸ்டூவர்ட், எஸ்டெல் ஆக்ஸ்டன் என்ற தம்பியும் அக்காவும் நடத்திய இசைத்தட்டு நிறுவனம் இது; கறுப்பின மக்களின் சோல் இசைக்குப் பேர்போனது. ஓடிஸ் ரெடிங், ஐசக் ஹேஸ் எல்லாம் இங்கே பாடியவர்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் காபி குடிக்க முடியாத ஊரில், இந்தக் கொட்டகைக்குள் இரு இனத்தவரும் சேர்ந்து வாசித்தார்கள். ஸ்டுடியோவில் புழுக்கம் தாங்காதபோது லொரேன் மோட்டலில் அறை எடுத்து அங்கே உட்கார்ந்து பாட்டு எழுதினார்கள். காலையில் அந்த மோட்டலைப் பார்த்துவிட்டு மதியம் இங்கே வரச் சொல்வது இதற்காகத்தான்.

நிறுவனம் 1975-இல் நொடித்துப்போனது. 1989-இல் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். அதே இடத்தில் அதே அமைப்பில் திரும்பக் கட்டி 2003-இல் திறந்ததுதான் இப்போது இருப்பது. நுழைந்ததும் மிசிசிப்பி கிராமம் ஒன்றிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த 1906-ஆம் ஆண்டு மரத் தேவாலயம் இருக்கும். இந்தப் பாட்டு எங்கே பிறந்தது என்பதை அது ஒன்றே சொல்லிவிடும். தங்க விளிம்பு வைத்த ஐசக் ஹேஸின் காடிலாக் கார் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். அமெரிக்க இசையே தெரியாத பெற்றோரை அழைத்து வந்தாலும் இங்கே சலிக்காது. கேட்க வைக்கிறார்கள், படிக்க வைப்பது குறைவு.

மாலை 4.30-க்குள் டவுன்டவுன் திரும்பி பீபாடி ஹோட்டலுக்குப் போங்கள். 1930-களிலிருந்து நடக்கும் வாத்து ஊர்வலம். காலை 11 மணிக்கு மொட்டை மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கி, சிவப்புக் கம்பளத்தில் நடந்து வந்து வரவேற்பறை நீரூற்றில் நீந்தும் ஐந்து வாத்துகள், மாலை 5 மணிக்கு அதே வழியில் மேலே போகும். பேண்ட் இசை, சீருடை அணிந்த வாத்துப் பொறுப்பாளர் எல்லாம் உண்டு. இலவசம். ஊர்வலம் சில நிமிடம்தான், ஆனால் அரை மணி முன்னால் வந்து கம்பளத்தின் ஓரத்தில் இடம் பிடிக்காவிட்டால் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள். அந்த ஹோட்டல் உணவகங்களில் வாத்துக்கறி கிடையாது என்று சொன்னால் பிள்ளைகள் நிம்மதி அடைவார்கள்.

இரவு: பீல் தெரு

பீல் தெருவில் சில தெருத் துண்டுகள் வாகனம் வராதபடி அடைக்கப்பட்டிருக்கும். இருபுறமும் நியான் விளக்கு, ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒரு பாட்டு. ப்ளூஸ் பாடகர் பி. பி. கிங் இந்தத் தெருவில் பாடி வளர்ந்தவர், அவர் பேரில் ஒரு கிளப் முனையிலேயே இருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் மாலையில் வந்து 1876-இலிருந்து இருக்கும் ஏ. ஷ்வாப் கடையைச் சுற்றிவிட்டு, வெளியே பூங்காவில் வாசிக்கிறவர்களைக் கேட்டுவிட்டு, எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். அதன் பிறகு அது குடிக்கிறவர்களின் தெரு. வார இறுதி இரவுகளில் அடையாள அட்டை கேட்பார்கள், வைத்துக்கொள்ளுங்கள். இசையைக் கேட்க வந்தவர்களுக்கு வாரநாள் இரவே மேல்: கூட்டம் இல்லாமல், மேடைக்குப் பக்கத்தில் உட்காரலாம். வாசிப்பவர்களின் வாளியில் ஐந்து டாலராவது போடுங்கள், பலருக்கு அதுதான் சம்பளம்.

இரண்டாம் நாள்: சன் ஸ்டுடியோ, கிரேஸ்லாந்து

காலைச் சிற்றுண்டிக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே ஆர்கேட் உணவகம். 1919-இல் தொடங்கியது, ஊரிலேயே பழையது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு பேன்கேக் வாங்குங்கள். முட்டை சாப்பிடும் சைவர்களுக்கு மெம்பிஸில் ஏற்ற காலை உணவு அது. எல்விஸ் உட்காரும் மேசை என்று ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் போட்டி.

பிறகு யூனியன் அவென்யூவில் சன் ஸ்டுடியோ. சாம் ஃபிலிப்ஸ் 1950-இல் திறந்தது. கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. சுற்றுலா முக்கால் மணி நேரம்தான். எல்விஸ் 1954-இல் முதல் இசைத்தட்டுக்குப் பாடியது இந்த அறையில், ஜானி கேஷும் கார்ல் பெர்கின்ஸும் பாடியதும் இதே அறையில். இன்றைக்கும் இரவில் இது வேலை செய்யும் ஸ்டுடியோ. வழிகாட்டிகள் பலர் இசைக் கலைஞர்கள் என்பதால் நன்றாகச் சொல்கிறார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடுவதில்லை, அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

கிரேஸ்லாந்து டவுன்டவுனிலிருந்து தெற்கே சுமார் ஒன்பது மைல். எல்விஸ் 1957-இல் வாங்கிய வீடு, 1977-இல் இறந்ததும் அங்கேதான். 1982-இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. வீடு, எதிரே கார்கள், மேடை உடைகள், இரண்டு விமானங்கள் எல்லாம் பார்க்க நான்கு மணி நேரம் ஆகும். ஓர் ஆளுக்கு 80 டாலரைத் தாண்டும், பார்க்கிங் தனி. எல்விஸ் பாட்டில் ஈடுபாடு உள்ளவர்கள் கணக்குப் பார்க்காமல் போங்கள், வீட்டை அவர் வாழ்ந்தபடியே வைத்திருக்கிறார்கள், மாடிக்கு மட்டும் அனுமதி இல்லை. ஈடுபாடு இல்லாத நால்வர் குடும்பம் 350 டாலர் செலவழிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: காலையில் சுற்றுலா தொடங்குவதற்கு முன் சமாதி இருக்கும் தோட்டத்துக்கு மட்டும் இலவசமாக நடந்துபோய்ப் பார்க்க விடுவார்கள். நேரத்தை முந்தைய நாள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாம் நாள் ஞாயிறாக அமைந்தால் கிரேஸ்லாந்துக்கு அருகே பாடகர் ஆல் கிரீன் நடத்தும் ஃபுல் காஸ்பெல் டேபர்னக்கிள் தேவாலயத்துக்குப் போகலாம். வெளியூர்க்காரர்களை வரவேற்கிறார்கள். அவர் அன்று இருப்பார் என்று உறுதி இல்லை, பாட்டு உறுதி. அது வழிபாடு என்பதால் ஒழுங்கான உடை, காணிக்கைத் தட்டில் ஏதாவது, பாதியில் எழுந்து போகாமல் இருப்பது முக்கியம்.

சிறுவர்கள் இருக்கிறார்கள், இசை போதும் என்றால் மதியத்தை ஓவர்டன் பூங்காவில் கழியுங்கள். விலங்குக் காட்சிசாலையும் பழங்காடும் ஒன்றாக இருக்கின்றன. நெடுஞ்சாலை இந்தக் காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போக இருந்தது. ஊர் மக்கள் வழக்குப் போட்டு 1971-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடுத்தார்கள். ஆற்றங்கரையில் தெரியும் 32 மாடி உயரப் பிரமிடையும் பிள்ளைகள் கேட்பார்கள். எகிப்தில் நைல் கரையில் இருந்த மெம்பிஸின் பேர் என்பதால் கட்டிய விளையாட்டரங்கம், இப்போது தூண்டிலும் வேட்டைச் சாமானும் விற்கும் பாஸ் ப்ரோ கடை. உள்ளே போகக் காசில்லை, உச்சிக்கு லிஃப்டில் போகத்தான் கட்டணம்.

பார்பெக்யூ: தெரிந்துகொண்டு வாங்குங்கள்

மெம்பிஸில் பார்பெக்யூ என்றால் பன்றிக்கறி. விலா எலும்புக் கறியை, அதாவது ரிப்ஸை, இரண்டு விதமாகத் தருவார்கள். மிளகாய்த் தூள், மிளகு, பூண்டுத் தூள் மாதிரி மசாலாப் பொடியை மட்டும் தூவித் தருவது ட்ரை. இனிப்பும் புளிப்புமான சாஸ் பூசித் தருவது வெட். நம் நாக்குக்கு ட்ரை தான் சரி என்பது என் கட்சி. ஆனால் பாதிப் பாதி கேட்டால் தருவார்கள்.

ட்ரை ரிப்ஸுக்குப் பேர்போனது ரெண்டவூ. பீபாடி ஹோட்டலுக்கு எதிரே ஒரு சந்துக்குள், நிலவறையில். கிரேக்கக் குடும்பம் ஒன்று 1948-இல் தொடங்கியது. கரியில் சுட்டு எடுப்பதால் மற்ற கடைகளின் புகை வாசம் இதில் குறைவு. ஞாயிறும் திங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும். சென்ட்ரல் பிபிக்யூ லொரேனுக்குப் பின்னாலேயே ஒரு கிளை வைத்திருக்கிறது. முதல்முறை சாப்பிடுகிறவர்களுக்கு அதுதான் எளிது. லமார் அவென்யூவில் பெயின்ஸ் கடையில் கொத்திய கறியோடு கடுகு சேர்த்த மஞ்சள் முட்டைக்கோஸ் வைத்த சாண்ட்விச் கிடைக்கும். அலங்காரமே இல்லாத கடை. நேரம் இருந்தால் தவறவிடாதீர்கள்.

பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்குக் கோசி கார்னர். 1977-இலிருந்து இருக்கும் குடும்பக் கடை. முழுதாகப் புகையிட்டுத் தரும் சின்னக் கோழிதான் அவர்களுடைய பெருமை. ஓர் ஆளுக்கு ஒரு கோழி சரியாக இருக்கும். ஃப்ரன்ட் தெருவில் கஸ்ஸஸ் கோழி வறுவல் கடை. மாவிலேயே காரம் இருக்கும், சூடாக வெள்ளை ரொட்டியின் மேல் வைத்துத் தருவார்கள். அமெரிக்கச் சாப்பாட்டில் உப்பில்லை, உறைப்பில்லை என்று அலுத்துக்கொள்ளும் மாமனாரையும் மாமியாரையும் நேராக இங்கே அழைத்து வாருங்கள். ஆறு மணிக்கு மேல் வரிசை நீளும். ஐந்து மணிக்கே போங்கள். ஹலால் மட்டும் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கடைகளை நம்ப முடியாது, மீனோடு நிறுத்திக்கொள்வது நல்லது; அதிலும் எண்ணெய் தனியா என்று கேளுங்கள்.

சைவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. தென்மாநிலச் சமையலில் காய்கறி என்று பட்டியலில் இருப்பதெல்லாம் சைவம் இல்லை. டர்னிப் கீரையையும் பீன்ஸையும் பன்றித் துண்டோ வான்கோழிக் கழுத்தோ போட்டு வேகவைப்பது வழக்கம். சோள ரொட்டியில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். ‘வெஜிடேரியனா’ என்று கேட்டால் ஆமாம் என்றுவிடுவார்கள். இறைச்சி போட்டு வேகவைத்ததா, எந்த எண்ணெயில் பொரித்தது என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். வருத்தப்படாமல் பதில் சொல்வார்கள். பாலாடைக்கட்டி மாக்கரோனி, சர்க்கரைவள்ளி, முட்டைக்கோஸ் சாலட் இவற்றை வைத்து ஒரு தட்டு தேற்றலாம். இரண்டாம் நாளே சோறு தேடும் என்றால் கோர்டோவா, ஜெர்மன்டவுன், காலியர்வில் பக்கம் இந்திய உணவகங்களும் மளிகைக் கடைகளும் இருக்கின்றன. ஈட்ஸில் இந்தியக் கலாச்சார மையமும் கோயிலும் உண்டு. டவுன்டவுனிலிருந்து அரை மணி நேரம்.

பட்டியலில் போட்டிருக்கும் விலையோடு 9.75 சதவீதம் வரி சேரும். மேசையில் வந்து பரிமாறினால் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ். ஐஸ் டீ கேட்டால் பாகு மாதிரி இனிப்பாக வரும். சர்க்கரை உள்ளவர்கள் அன்ஸ்வீட் என்று சொல்லிக் கேட்க வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடியுங்கள். ஆற்றுத் தண்ணீர் இல்லை அது, ஆழமான மணற்படுகையிலிருந்து எடுப்பது, நல்ல சுவை.

மூன்றாம் நாள் இருந்தால்

நெடுஞ்சாலை 61-இல் தெற்கே இறங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல். பழைய ரயில் சரக்குக் கிடங்கில் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அக்டோபரில் போனால் வழி நெடுக இருபுறமும் வெடித்த பருத்தி வயல்கள்; ஊருக்குள் நீங்கள் பார்த்த அத்தனைக்கும் ஆரம்பம் அங்கேதான். சின்ன ஊர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை பல இடங்கள் மூடியிருக்கும். கிளம்பும் முன் பெட்ரோல் போட்டுக்கொண்டு, மெம்பிஸிலேயே காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போங்கள்.